சாலை முடியும் ஊர்



சென்ற மாதம் லேக் மார்க்கெட் பகுதியிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் என் கைக்குக் கிடைத்தது. அவருடைய அனுமதியோடு, அடையாளங்களை நீக்கி, அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

"ஐயா, என் மகனுக்கு வயது 29. செக்டர் ஐந்தில் வேலை செய்கிறான். டிசம்பர் மாதத்தில் ரெட் ரோடில் நடக்கும் 25 கிலோமீட்டர் ஓட்டத்தை மூன்று முறை ஓடி முடித்திருக்கிறான். இப்பொழுது ரீயூனியன் என்ற ஏதோ ஒரு தீவுக்குப் போய், இரவும் பகலுமாக மலையிலே ஓட வேண்டும் என்கிறான். இரண்டு ஆண்டுச் சேமிப்பு இதற்கே போய்விடும். இவனுடைய தகப்பனார் 51 வயதில் மாரடைப்பினால் திடீரென்று எங்களைவிட்டுப் போனார். இவன் சம்பாத்தியத்தில்தான் வீடு நடக்கிறது. நான் இவனைத் தடுப்பதா, அனுப்புவதா?"

பிரியமானவர்களே, இந்தத் தாயாரின் கேள்வி ஓட்டக்காரர்களுக்கு மட்டும் உரியதன்று. நெடுந்தூரப் பயணம் ஒன்றை நம் பிள்ளைகள் தொடங்கும்போதெல்லாம் நம் வீடுகளில் எழுகிற கேள்வியே இது. ஆகையால் அவருக்கு எழுதிய பதிலை உங்கள் எல்லாருக்குமாகச் சற்று விரித்து எழுதுகிறேன்.

அது எப்படிப்பட்ட ஓட்டம்?

ரீயூனியன், இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள சிறு தீவு. பரப்பளவு 2,512 சதுர கிலோமீட்டர். 1946 முதல் பிரான்சு நாட்டின் ஒரு மாவட்டமாக ஆளப்படுகிறது. கடலிலிருந்து எரிமலைக் குழம்பு எழுந்து உருவான நிலம் அது. அதன் உயரமான சிகரம் 3,070 மீட்டர். நம் நீலகிரியின் தொட்டபெட்டாவைவிட 400 மீட்டருக்கு மேல் அதிகம். அங்கே 1989ஆம் ஆண்டு முதல் நடந்துவருகிறது "கிராண்ட் ரெய்ட்" என்னும் ஓட்டம். தீவைத் தெற்கிலிருந்து வடக்காகக் குறுக்கே கடப்பதால் அதற்கு "பைத்தியக்காரரின் மூலைவிட்டம்" என்று பொருள்படும் பெயரும் உண்டு.

அக்டோபர் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை இரவு, தென்கரையிலுள்ள செயின்ட் பியர் நகரில் ஓட்டம் தொடங்குகிறது. முடிவது வடகரையிலுள்ள செயின்ட் டெனிஸ் நகரின் விளையாட்டரங்கில். பாதை ஆண்டுதோறும் சிறிது மாறினாலும் தூரம் 165 முதல் 180 கிலோமீட்டர் வரை இருக்கும். ஏறவேண்டிய மொத்த உயரம் ஏறக்குறைய 10,000 மீட்டர். முதலாவதாக வருகிறவர்களுக்கே 23 மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். மற்றவர்களுக்குக் கொடுக்கப்படும் அவகாசம் சுமார் 66 மணி நேரம். அப்படியானால், வியாழன் இரவு புறப்பட்டவர் ஞாயிறு பகலில் முடிக்கிறார். மூன்று இரவுகளைப் பாதையிலே கழிக்கிறார். நான்கில் ஒருவருக்கு மேல் முடிக்காமலே நின்றுவிடுவது அங்கே வழக்கம். ஓட்டத்தின்போது உயிரிழந்தவர்களும் உண்டு. முடித்தவர்களுக்கு ஒரு மஞ்சள் சட்டை தருவார்கள். அதில் எழுதியிருப்பது "வென்றேன்" என்பதன்று, "பிழைத்தேன்" என்பதே.

அந்தப் பாதை யாருடையது?

நாம் கொல்கத்தாவில் வாழும் தமிழர். ஆகையால் ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை. அந்த ஓட்டம் கடற்கரையைவிட்டு ஏறத் தொடங்குவது கரும்புத் தோட்டங்களின் வழியாக. 1848ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் அத்தீவில் அடிமைத்தனம் ஒழிந்தது. அதன்பின் அந்தக் கரும்பை வெட்டுவதற்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேறிய தமிழர். இன்றும் அங்கே ராமசாமி, வீராப்பிள்ளை போன்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்களில் குடும்பப் பெயர்களாக நிற்கின்றன. நம் கொல்கத்தாத் துறைமுகத்துக்கும் இந்தச் சரித்திரத்தில் பங்குண்டு. 1834ஆம் ஆண்டில் "அட்லஸ்" என்னும் கப்பல் கூலிகளை ஏற்றிக்கொண்டு பக்கத்துத் தீவாகிய மொரீஷியசுக்குப் போனது இந்த ஹூக்ளி நதியிலிருந்துதான்.

அவர்களுக்கும் முன்னே, அடிமைகளாக இருந்தவர்கள் தோட்டங்களைவிட்டுத் தப்பி, அத்தீவின் நடுவிலுள்ள ஆழ்ந்த மலைக்கிண்ணங்களுக்குள் ஓடி ஒளிந்தார்கள். அவற்றில் ஒன்றாகிய மஃபாத், அப்படித் தப்பியோடிய தலைவன் ஒருவனுடைய பெயரையே தாங்கியிருக்கிறது. அவர்கள் உயிருக்காக ஓடினார்கள். கூலிகளோ தூரம் இன்னதென்று அறியாமலே கப்பலேறினார்கள். போகுமுன் கணக்குப் பார்க்கும் உரிமை அந்த இரு கூட்டத்தாருக்கும் இருக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. இருக்கும் உரிமையைப் பயன்படுத்தாமல் புறப்படுவது தைரியமாகுமா? சிந்தித்துப் பாருங்கள். கோபுரம் கட்ட நினைத்தவனைப் பற்றிய உவமையை அறிந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை.

பார்க்கவேண்டிய கணக்குகள் ஐந்து.

1. இருதயத்தின் கணக்கு

தகப்பனோ, உடன்பிறந்த சகோதரனோ 55 வயதுக்கு முன் இருதய நோயினால் தாக்கப்பட்டிருந்தால், மருத்துவர்கள் அதைத் தனியான ஓர் அபாயக் குறியாகவே எண்ணுகிறார்கள். மூன்று முறை 25 கிலோமீட்டர் ஓடியிருப்பது இதற்கு விடையாகாது. பரம்பரையாக வரும் சில இருதயக் கோளாறுகள் வெளியே எந்த அடையாளமும் காட்டுவதில்லை. எனவே சான்றிதழில் கையெழுத்து வாங்குவதற்காக மட்டும் மருத்துவரிடம் போகாமல், இருதய நிபுணரிடம் குடும்ப வரலாற்றை முழுமையாகச் சொல்லி, அவர் கூறும் பரிசோதனைகள் எல்லாவற்றையும் செய்துகொள்ள வேண்டும். தாயாரும் உடன் போகட்டும். தகப்பனாருடைய கடைசி நாட்களைப் பற்றி மகனைவிட அவரே நன்றாய் அறிவார். இந்தக் கணக்குச் சரியாக வராவிட்டால் மற்ற நான்கையும் பார்க்க வேண்டுவதில்லை.

2. மலையின் கணக்கு

நம் நகரம் கடல்மட்டத்துக்குச் சில மீட்டர்களே மேலே, தட்டையாகக் கிடக்கிறது. ரவீந்திர சரோபரைச் சுற்றி எத்தனை நாள் ஓடினாலும் கால்கள் மலையை அறியா. பத்து மாடிக் கட்டிடம் ஒன்றின் உயரம் சுமார் 30 மீட்டர். 10,000 மீட்டர் என்பது அதை 333 முறை ஏறி, 333 முறை இறங்குவதற்குச் சமம். பலர் ஏறுவதையே நினைத்துப் பயப்படுகிறார்கள். ஆனால் தொடைத் தசைகள் கிழிபடுவது இறக்கத்தில்தான். இறங்கும்போது தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்குவதால் அதிகமாய்ச் சேதமடைகிறது. ஆகையால் பயிற்சி செய்பவர் படியேறிவிட்டு லிஃப்டில் இறங்கக் கூடாது. சில நாட்களில் லிஃப்டில் ஏறி, படி வழியாக இறங்குவதும் நல்ல பயிற்சி.

படிக்கட்டு மட்டும் போதாது. பாங்குரா மாவட்டத்தில் ஏறக்குறைய 440 மீட்டர் உயரமுள்ள சுசுனியா மலை இருக்கிறது. ஹவுராவிலிருந்து ஓர் இரவு ரயிலில் எட்டக்கூடிய தூரத்தில் புருலியாவின் அயோத்தியா மலைகள் இருக்கின்றன. அடுத்த படி டார்ஜிலிங் மாவட்டத்தின் சந்தக்பூ. அதன் உயரம் 3,636 மீட்டர். மானேபஞ்சன் என்னும் சிற்றூரிலிருந்து புறப்பட்டு, ஐந்து நாட்களில் 100 மைல் கடக்கும் ஓட்டம் ஒன்று 1991 முதல் அங்கே நடத்தப்பட்டுவந்திருக்கிறது. இரவில் உறங்கி, பகலில் ஓடும் ஓட்டம் அது. அதைக்கூட ஓடிப் பார்க்காதவர் மூன்று இரவு உறங்காத ஓட்டத்துக்குப் பெயர் கொடுப்பது, பள்ளிக்கூடம் போகாமல் பட்டம் கேட்பதைப் போன்றது.

கிராண்ட் ரெய்ட் நடக்கும் அதே வாரத்தில் அதே தீவில் குறுகிய ஓட்டங்களும் உண்டு. ஒன்று ஏறக்குறைய 70 கிலோமீட்டர். இன்னொன்று 100 கிலோமீட்டருக்கு மேல். சிறியதிலிருந்து தொடங்குவதில் அவமானம் ஏதுமில்லை.

3. தண்ணீரின் கணக்கு

நம் ஊரின் ஜூன் மாதப் புழுக்கத்தை அறிவீர்கள். வியர்வை வழிகிறது, காய்வதில்லை. காயாத வியர்வை உடலைக் குளிரச் செய்வதில்லை. ரீயூனியனின் கடற்கரையிலும் வெப்பமும் ஈரமும் உண்டு. மலைமேல் இரவில் கடுங்குளிர். மழையோ கேட்க வேண்டாம். 1966ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு சூறாவளியின்போது அத்தீவின் ஓரிடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பெய்தது. கொல்கத்தாவில் ஏறக்குறைய ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை அது! அக்டோபரில் சூறாவளிக் காலம் தொடங்குவதில்லை. ஆனாலும் மழைச்சட்டையின்றி மலையேறுவது மதியீனம்.

தாகத்தால் மட்டுமன்று, அளவுக்கு மிஞ்சிய தண்ணீராலும் ஓட்டக்காரர்கள் இறந்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? மணிக்கணக்காகத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, மூளை வீங்கும். தலைவலி, வாந்தி, மனக்குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிற்று என்று அறியலாம். எடை கூடியிருந்தால் அதிகமாய்க் குடித்துவிட்டீர்கள் என்று பொருள்.

உப்பும் சர்க்கரையும் கலந்த நீரின் அருமையை உலகுக்குக் காட்டியதில் நம் நகரத்துக்குப் பெரும் பங்குண்டு. 1971ஆம் ஆண்டு வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, கொல்கத்தாவின் மருத்துவர் திலீப் மகலானாபிஸ், நரம்பில் ஏற்றும் திரவம் போதாமல், உப்பும் குளூக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதமாக இருந்த மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே குறைந்தது. குடலில் குளூக்கோஸ் செல்லும்போது உப்பையும், அதன் பின்னே நீரையும் கூட்டிக்கொண்டு செல்கிறது என்பதே அதன் இரகசியம். ஓடுகிறவருக்கும் அதுவே உதவி. ஆனால் அதையும் தாகத்துக்குத் தக்கபடியே குடிக்க வேண்டும். வலி மாத்திரைகளை ஓட்டத்தின் நடுவே விழுங்குவது சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதை விட்டுவிட வேண்டும்.

4. பணத்தின் கணக்கு

பதிவுக் கட்டணம், விமானக் கட்டணம், தங்கும் செலவு, காலணி, தலையில் கட்டும் விளக்கு, மழைச்சட்டை ஆகியவற்றை எல்லாரும் எழுதுவார்கள். விட்டுப்போகிறவை சில உண்டு. கொல்கத்தாவிலிருந்து அத்தீவுக்கு நேரடி விமானம் இல்லை. வேறோர் ஊரில் விமானம் மாறிப் போக வேண்டிவரும். ரீயூனியன் பிரான்சுக்கு உட்பட்டதானாலும் ஷெங்கன் எல்லைக்குள் சேர்ந்ததன்று. ஐரோப்பாவுக்கு வாங்கிய விசா போதும் என்று எண்ணிவிடக் கூடாது. மலையிலிருந்து ஹெலிகாப்டரில் மீட்கப்படும் செலவையும் தாங்கும் காப்பீடு வேண்டும். விண்ணப்பித்தவர் எல்லாருக்கும் இடம் கிடைக்காது. சீட்டுக் குலுக்கலும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பி வந்து ஒரு மாதம் வேலைக்குப் போக முடியாமற்போனால் வீடு எப்படி நடக்கும்? அந்தத் தொகையைத் தாயாரின் பெயரில் தனியே வைத்தபின்பே பயணச்சீட்டு எடுக்க வேண்டும்.

5. நிற்கும் இடத்தின் கணக்கு

இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது.

ஓட்டப் பாதையின் 65 முதல் 70ஆவது கிலோமீட்டருக்குள் சிலாவோஸ் என்னும் மலையூர் வருகிறது. சுமார் 1,200 மீட்டர் உயரத்திலுள்ள ஊர். கடற்கரையிலிருந்து நூற்றுக்கணக்கான வளைவுகளோடு அங்கே ஒரு சாலை ஏறிவருகிறது. உணவு உண்டு, மருத்துவர் உண்டு, உதவிக்கு வந்த நண்பர் காத்திருப்பார். அதைக் கடந்தால் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட ஒரு கணவாய். அதற்கு அப்பால் மஃபாத். அங்கே சாலையே கிடையாது. குடிமக்கள் உண்டு, வண்டி இல்லை. தபால்காரர் நெடுங்காலம் கடிதங்களை நடந்தேதான் சுமந்து கொடுத்தார். மஃபாத்துக்குள் இறங்கியவர் வெளியேற வழி இரண்டே: தன் சொந்தக் கால்கள், அல்லது ஹெலிகாப்டர்.

ஆகையால் "நான் தொடர்வதா, நிற்பதா" என்ற கேள்விக்குச் சாலை முடியும் அந்த ஊரிலேயே விடை காண வேண்டும். ஆனால் ஓர் இரவு முழுவதும் உறங்காமல், பாதி நாளுக்கு மேல் மலையேறி வந்தவனுடைய புத்தி அப்போது அவனுக்குச் சரியான விடையைத் தருமா?

தராது என்பதை நான் அனுபவித்து அறிந்தவன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு செப்டம்பர் காலையில், நம் நகரத்திலே 21 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றில் ஓடினேன். 16ஆவது கிலோமீட்டரில் தலை சுற்றியது, உடல் சிலிர்த்தது. "இன்னும் ஐந்துதானே" என்று என் உள்ளம் சொல்லிற்று. அந்த வார்த்தை எனக்கு மிகவும் நியாயமாகத் தோன்றியது. அடுத்து நான் கண் விழித்தபோது ஒரு மரத்தடியில் கிடந்தேன். முன்பின் அறியாத டாக்சி ஓட்டுநர் ஒருவர் என் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "தாதா, வீட்டில் யாரும் இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டார். வீட்டில் என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் காலைச் சிற்றுண்டிக்குக் காத்திருந்தார்கள். அந்தக் கேள்வி இன்றுவரை என்னோடு இருக்கிறது.

தளர்ந்த புத்தி தன்னைத்தானே ஏமாற்றும். ஆகையால் நிற்கவேண்டிய நிபந்தனைகளை வீட்டிலே, நன்றாக உறங்கி எழுந்த ஒரு காலையில், தாளில் எழுதிவிட வேண்டும். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் நிற்பேன். சிறுநீர் கறுத்துப் போனாலோ பல மணி நேரமாக வராவிட்டாலோ நிற்பேன். தலைவலியோடு வாந்தியும் குழப்பமும் இருந்தால் நிற்பேன். பிடிப்பின்றிப் படியிறங்க முடியாவிட்டால் நிற்பேன். இந்த நேரத்துக்குள் சிலாவோசை அடையாவிட்டால் நிற்பேன். இவற்றை எழுதிக் கையெழுத்திட்டு, அந்தத் தாளைச் சிலாவோசில் காத்திருக்கும் நண்பரிடம் கொடுக்க வேண்டும். அவரே உரக்க வாசிக்கட்டும். தீர்ப்புச் சொல்வது நண்பரும் அல்லர், தளர்ந்தவனும் அல்லன். தெளிந்த மனதோடு எழுதிய அதே மனிதனே.

தாயாருக்கு என் பதில்

கடிதம் கிடைத்த மறுவாரம் அந்தத் தம்பியைத் தேநீருக்கு அழைத்தேன். ஒரு குறிப்பேட்டோடு வந்தார். பதினான்கு பக்கம்! காலணியின் எடை, மணிக்கு உண்ணவேண்டிய மாவுச்சத்து, ஒவ்வொரு சாவடிக்கும் நேரம், எல்லாம் அழகாக எழுதியிருந்தார். அவருடைய உழைப்பை மெச்சினேன். பிறகு, "தம்பி, நீங்கள் நிற்கும் இடம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேட்டேன். பக்கங்களைப் புரட்டினார். வெகுநேரம் பேசவில்லை. "அப்பாவும் அன்று காலையில் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஆபீசுக்குப் போனார் ஐயா" என்றார்.

அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இவ்வாண்டு அவர் பெயர் கொடுக்கவில்லை. தாயாரோடு இருதய நிபுணரைப் பார்க்க நாள் குறித்திருக்கிறார். நிபுணர் அனுமதித்தால் முதலில் சந்தக்பூ, பிறகு தீவின் 70 கிலோமீட்டர், அதன்பின் மற்றது. அனுமதிக்காவிட்டால் அதையும் ஏற்றுக்கொள்வேன் என்று சொல்லியிருக்கிறார். பதினைந்தாம் பக்கத்தில் ஐந்து வரிகள் எழுதி, கீழே தாயாரும் கையெழுத்திட்டிருக்கிறார்.

ஆகவே அம்மா, தடுப்பதா அனுப்புவதா என்று கேட்டீர்கள். இரண்டுமன்று, அந்தத் தாளைக் கேளுங்கள். எழுதிக் கொடுக்கிறவனை நம்பி அனுப்பலாம். எழுத மறுக்கிறவன் இன்னும் புறப்படத் தகுதியாகவில்லை.

அன்பானவர்களே, நம்மில் பெரும்பாலோர் மலையில் ஓடப்போவதில்லை. ஆனால் ராஜர்ஹாட்டில் வீட்டுக் கடன் வாங்குகிறோம். உறவினருக்காகப் பிணைக் கையெழுத்திடுகிறோம். இரட்டை வேலை பார்த்து உடலை வருத்துகிறோம். அவை ஒவ்வொன்றிலும் சாலை முடியும் ஓர் ஊர் உண்டு. அதுவரை திரும்புவது எளிது, அதற்கப்பால் அரிது. அந்த ஊர் எதுவென்று இன்று இரவு உணவுக்குப்பின் குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். தாளையும் பேனாவையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.